யார் வீட்டுப் பிள்ளை?

(சகோதர சங்கங்களும் குழந்தை நலமும் பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1920 ஜூன் மாதம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் நகரத்தில், குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி அணிந்த ஆண்கள் பெருங்கூட்டமாகத் திரண்டிருந்தார்கள். வங்கிக்காரர், வழக்கறிஞர், கடை முதலாளி, நிலத் தரகர் என்று அவரவர் ஊரில் கௌரவமான ஆட்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகரத்தில் கூடுவார்கள். பேண்டு வாத்தியம் முழங்க ஊர்வலம் போவார்கள், விருந்து சாப்பிடுவார்கள், விடிய விடியக் கூத்தடிப்பார்கள். ஷ்ரைனர்கள் என்பது அவர்கள் பெயர்.

அந்த ஆண்டு மாநாட்டில் ஒரு தீர்மானம் வந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கைகால் ஊனமுற்ற ஏழைக் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்ட வேண்டும். கொண்டுவந்தவர் அவ்வாண்டின் தலைவர் ஃப்ரீலண்ட் கென்ட்ரிக். பிலடெல்பியாக்காரர், பின்னாளில் அந்நகரத்தின் மேயர் ஆனவர். அட்லாண்டாவில் இயங்கிவந்த ஒரு குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் அவருக்கு இதே நினைப்பு. ஆனால் சபையில் தயக்கம் பரவியது. பழமை விரும்பிகள் சந்தேகங்களைக் கிளப்பினார்கள். தீர்மானம் தோற்றுவிடும் போலிருந்தது.

அப்போது அட்லாண்டாவைச் சேர்ந்த ஃபாரஸ்ட் அடேர் எழுந்தார். விடியற்காலை நான்கு மணிக்குத் தாம் படுக்கையில் விழித்துக் கிடந்ததாகவும், தெருவில் யாரோ ஒரு வாத்தியக்காரர் சோப்புக் குமிழி ஊதுவதைப் பற்றிய அந்நாளைய பிரபலப் பாட்டை ஊதிக்கொண்டே போனதாகவும் சொன்னார். அவ்வளவு பேர் கூடும் மாநாடு கடைசியில் குமிழி ஊதிவிட்டுக் கலையத்தான் போகிறதா என்று கேட்டார். பாட்டுக்கும் பேண்டுக்கும் செலவழித்தது போதும், மனிதருக்குச் செலவழிப்போம் என்றார். முதல் குழந்தை குணமானதைப் பார்த்த பிறகும் இரண்டு டாலர் போய்விட்டதே என்று வருந்தும் உறுப்பினர் ஒருவர் இருந்தால், அந்தப் பணத்தைத் தாமே காசோலையாகத் திருப்பித் தருவதாக அறிவித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அது 'குமிழிப் பேச்சு' என்றே இன்றும் குறிப்பிடப்படுகிறது.

விருந்துக்கும் வேடிக்கைக்கும் கூடிய ஆண்கள் கூட்டம் ஒன்று, குழந்தைகளின் எலும்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கவலை ஒரே ஆண்டில் தீர்ந்துபோகாமல் நூறாண்டு தாண்டியும் எப்படி நிலைத்தது? இன்றைய பேச்சு இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

சகோதர சங்கம் என்ற அமைப்பு எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். இரத்த உறவு இல்லாதவர்கள் ஒரு சடங்கின் மூலம் ஒருவரையொருவர் சகோதரர் என்று ஏற்றுக்கொள்வதே அதன் அடிப்படை. உறுதிமொழி, அடையாளச் சின்னம், படிநிலைப் பட்டங்கள், மாதக் கூட்டம், சந்தா ஆகிய ஐந்தும் ஏறக்குறைய எல்லாச் சங்கங்களிலும் உண்டு. ஃப்ரீமேசன்கள் இவற்றில் மூத்தவர்கள். அவர்கள் வழியில் வந்த ஆட் ஃபெலோஸ் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு நான்கு கடமைகளை விதித்தது: நோயாளியைப் போய்ப் பார்ப்பது, துன்பப்படுபவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைக் குழந்தையைப் படிக்க வைப்பது.

இந்த நான்கில் ஒன்றாகக் குழந்தை இடம்பெற்றதற்குக் காரணம் தத்துவம் அல்ல, தொழிற்சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரும்பாலையிலோ நிலக்கரிச் சுரங்கத்திலோ வேலை பார்த்த அமெரிக்கத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. போன்ற ஏற்பாடு எதுவும் கிடையாது, விதவைக்கு ஓய்வூதியம் கிடையாது. அவர் செத்தால் மறுவாரமே வீட்டு வாடகைக்கு வழியிருக்காது. அண்ணன் தம்பிகளை ஐரோப்பாவில் விட்டுவிட்டு வந்தவருக்குச் சாவு வீட்டில் தோள் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. அந்த இடத்தைத்தான் சங்கம் நிரப்பியது. 1920-இல் குறைந்தது ஒரு கோடியே எண்பது லட்சம் அமெரிக்கர்கள் ஏதாவது ஒரு சகோதர சங்கத்தில் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் டேவிட் பைட்டோ கணக்கிடுகிறார். வயதுவந்தோரில் பத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிறது நம் பழமொழி. இந்தச் சங்கங்கள் அடுத்த முனையிலிருந்து தொடங்கின. முதலில் தன் பிள்ளை, பிறகுதான் ஊரார் பிள்ளை. அப்படித் தொடங்கியவற்றில் தெளிவான உதாரணம் மூஸ் சங்கம்.

மூஸ் என்பது வட அமெரிக்கக் காடுகளில் திரியும் பெரிய கொம்புமான். அதன் பெயரில் 1888-இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஒரு மருத்துவர் ஆரம்பித்த சங்கம் சீக்கிரமே நொடித்தது. 1906-இல் மிச்சமிருந்தவர்கள் 246 பேர். இருநூற்று நாற்பத்தேழாவது ஆளாக அன்று சேர்ந்தவர் ஜேம்ஸ் டேவிஸ். வேல்ஸ் நாட்டில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து, பதினோரு வயதில் ஆலை வேலைக்குப் போனவர். உருகிய இரும்பைக் கம்பியால் கிளறும் வேலையில் வளர்ந்தவருக்கு, அப்பன் இறந்த தொழிலாளி வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊர் ஊராகப் போய் அவர் விற்றது ஒரு வாக்குறுதியைத்தான். உறுப்பினராகச் சேருங்கள், நீங்கள் இறந்தால் உங்கள் பிள்ளையைச் சங்கம் வளர்த்துப் படிக்க வைக்கும். அடுத்த சில ஆண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை லட்சங்களில் ஏறியது.

வாக்குறுதியைக் காப்பாற்றியாக வேண்டுமே! சிகாகோவுக்கு மேற்கே, ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் சங்கம் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கியது. 1913 ஜூலை 27 அன்று அமெரிக்கத் துணை அதிபர் தாமஸ் மார்ஷல் கலந்துகொண்ட விழாவில் மூஸ்ஹார்ட் என்ற குழந்தைகள் ஊர் திறக்கப்பட்டது. முதலில் வந்த குழந்தைகள் 11 பேர். பொருளாதார மந்தம் வாட்டிய 1930களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே வளர்ந்தார்கள்.

அன்றைய அநாதை இல்லம் என்றால் நீண்ட கூடத்தில் வரிசைக் கட்டில், ஒரே சீருடை, மணியடித்தால் சோறு. மூஸ்ஹார்ட் அதைத் தவிர்த்தது. சின்னச் சின்ன வீடுகள் கட்டி, வீட்டுக்குச் சில குழந்தைகளாகக் குடியமர்த்தியது. இன்னொரு முடிவு இன்னும் துணிச்சலானது. தகப்பன் இறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதற்குப் பதிலாகப் பல தாய்மார்களையும் கூடவே வரவழைத்து, அங்கேயே வேலை கொடுத்தது. உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு ஒரு கைத்தொழிலும் கற்றே ஒவ்வொரு பிள்ளையும் வெளியேறியது. டேவிஸ் 1921 முதல் 1930 வரை மூன்று அதிபர்களின் கீழ் தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்தார், பிறகு செனட்டரும் ஆனார். ஆனால் அவர் பெயரை இன்றும் நிலைக்கச் செய்வது அந்த ஊர்தான். மூஸ்ஹார்ட் இப்போதும் இயங்குகிறது.

இங்கே ஓர் எல்லைக்கோடு இருந்தது. அந்த வீடுகள் உறுப்பினரின் பிள்ளைகளுக்கு. உறுப்பினர் ஆகக்கூடியவர் யார்? வெள்ளையர் மட்டும். இந்த விதி 1970கள் வரை எழுத்தில் இருந்தது. பென்சில்வேனியா சட்டமன்றத்தின் கறுப்பினத் தலைவர்களில் ஒருவரான லெராய் இர்விஸ், உறுப்பினர் ஒருவரின் விருந்தாளியாக ஹாரிஸ்பர்க் நகரத்து மூஸ் கிளைக்குச் சென்றபோது, அவருக்கு உணவும் பானமும் தர மறுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தனியார் மன்றம் தன் விருந்தாளியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் சாரம். வழக்கில் வென்ற சங்கம் மறுவருடமே அந்த விதியைக் கைவிட்டது. இர்விஸ் 1977-இல் அதே சட்டமன்றத்தின் அவைத் தலைவரானார்.

இனி ஷ்ரைனர்களிடம் திரும்புவோம். 1870-இல் நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவில், நிக்கர்பாக்கர் காட்டேஜ் என்ற உணவகத்தின் மாடியில் மதிய உணவுக்குக் கூடிவந்த சில ஃப்ரீமேசன்களுக்கு, தங்கள் சங்கச் சடங்குகள் ரொம்பவும் இறுக்கமாக இருப்பதாகப் பட்டது. அவர்களில் வால்டர் ஃப்ளெமிங் மருத்துவர், வில்லியம் ஃப்ளாரன்ஸ் புகழ்பெற்ற நாடக நடிகர். கேளிக்கைக்கென்றே தனிக் கிளை ஒன்றை இருவரும் கற்பனை செய்தார்கள். பிரான்சின் மார்செய் நகரில் ஓர் அரபுத் தூதர் கொடுத்த விருந்தில் ஃப்ளாரன்ஸ் பார்த்த அலங்காரங்கள் அவர்களுக்கு வேஷம் கொடுத்தன. 1872-இல் முதல் கிளை பிறந்தது. சிவப்புத் தொப்பி, அரபுப் பெயர்கள், மசூதி போல் தோற்றமளிக்கும் கட்டடங்கள் எல்லாமே மேடை அலங்காரம். மதத்தோடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை. 1906-இல் டெட்ராய்ட் நகரத்தில் சர்க்கஸும் நடத்தத் தொடங்கினார்கள். நியூயார்க் கிளை கட்டிய மண்டபம்தான் பிற்பாடு சிட்டி சென்டர் என்ற கலையரங்கம் ஆனது. லாஸ் ஏஞ்சலஸ் கிளையின் அரங்கில் ஆஸ்கர் விழாக்கள் நடந்திருக்கின்றன.

ஊனமுற்ற குழந்தைக்காகச் சங்கம் திரள வேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்தில் காற்றில் இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் எலிரியா நகரில் எட்கர் ஆலன் என்ற தொழிலதிபர் 1907-இல் ஒரு டிராம் விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். ஊரில் நல்ல மருத்துவமனை இல்லாததே சாவுகளுக்குக் காரணம் என்று கண்டு, நிதி திரட்டி ஒன்றைக் கட்டினார். அங்கே வரத் தொடங்கிய ஊனமுற்ற குழந்தைகளைப் பார்த்தவர், அவர்களுக்கென்றே இன்னொன்றும் கட்டவைத்தார். ஒஹாயோவின் ரோட்டரி சங்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு 1919-இல் அவர் தொடங்கிய அமைப்பு, பின்னர் ஈஸ்டர் சீல்ஸ் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. மகனை இழந்த அவரை ஊர்க் குழந்தைகள் 'டாடி ஆலன்' என்று அழைத்தார்கள்.

ஷ்ரைனர்களின் முதல் மருத்துவமனை 1922-இல் லூயிசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் திறந்தது. முதல் நோயாளி, பாதம் மடங்கிப் பிறந்து, உள்ளங்காலுக்குப் பதிலாகப் புறங்காலை ஊன்றி நடக்கப் பழகியிருந்த ஒரு சிறுமி. சேர்க்கைக்கு நிபந்தனைகள் மூன்றே மூன்று. குடும்பத்துக்குச் சிகிச்சைச் செலவைத் தாங்கும் வசதி இருக்கக் கூடாது. வயது பதினான்குக்குள் இருக்க வேண்டும். சிகிச்சையால் பயன் உண்டு என்று தலைமை அறுவை மருத்துவர் கருத வேண்டும். தகப்பன் எந்தச் சங்கம் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் கிடையாது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹவாய் முதல் கனடாவின் மான்ட்ரியால் வரை ஒரு டஜனுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் எழுந்தன. மினியாபொலிஸ் மருத்துவமனையில் முதலில் சேர்ந்தது இளம்பிள்ளை வாதம் தாக்கிய ஒரு செவ்விந்தியச் சிறுவன்.

சந்தா என்ற ஏற்பாட்டின் பலம் இங்கேதான் தெரிகிறது. மடங்கிய பாதத்துக்கு ஒரு மாவுக்கட்டு போதாது. வாரம் தவறாமல் மாற்றிக் கட்டி, நேரான பிறகும் ஆண்டுக்கணக்கில் காலணிப் பட்டை போட்டுக் காக்க வேண்டும். இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தையின் கால் வளர வளரக் கேலிப்பர் சின்னதாகிக்கொண்டே போகும். தீக்காயத் தழும்போ குழந்தையோடு சேர்ந்து வளராது. உடம்பு வளரும்போது தழும்பு சுருட்டி இழுக்கும், முழங்கை மடங்கிவிடும், கழுத்து ஒட்டிவிடும், மறுபடி மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். பிறந்தநாளுக்கு ஒருநாள் அன்னதானம் செய்யும் கொடையாளியால் இதைத் தாங்க முடியாது. அவருக்கு மனம் இளகுவது ஒருநாள், குழந்தைக்குத் தேவைப்படுவது பதினைந்து வருடம். மனம் இளகினாலும் இளகாவிட்டாலும் ஜனவரி வந்தால் இரண்டு டாலர் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற விதிதான் அந்த இடைவெளியை அடைத்தது.

1955-இல் சால்க் தடுப்பூசி வந்த பிறகு அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதம் வேகமாக வற்றியது. வேறொரு சங்கமாக இருந்தால் வெற்றி விழா எடுத்துவிட்டுக் கடையைக் கட்டியிருக்கும். ஷ்ரைனர்கள் அடுத்து யாரும் கவனிக்காத குழந்தை எது என்று தேடினார்கள். தீயில் வெந்த குழந்தை அகப்பட்டது. அன்று அந்நாட்டில் தீக்காயத்துக்கென்று இருந்த சிறப்புச் சிகிச்சை மையம் ராணுவத்தின் வசம் இருந்தது. 1962 மாநாடு ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் 1966-இலும், சின்சினாட்டியிலும் பாஸ்டனிலும் 1968-இலும் தீக்காய மருத்துவமனைகள் திறந்தன.

பாஸ்டனில் நடந்த ஒரு வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும். உடம்பின் பெரும்பகுதி வெந்துபோன குழந்தைக்கு ஒட்டுவதற்கு அதன் சொந்தத் தோலே போதுமான அளவு இருக்காது. திறந்த புண் வழியாக நீர் வடியும், கிருமி நுழையும், குழந்தை இறந்துவிடும். அங்கிருந்த அறுவை மருத்துவர் ஜான் பர்க், எம்.ஐ.டி.யின் பொருளறிவியல் பேராசிரியர் இயோனிஸ் யானஸை நாடினார். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் புரதத்தையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து பிரித்த ஒரு பொருளையும் கலந்து மெல்லிய பஞ்சு போன்ற படலம் செய்து, அதன்மேல் சிலிக்கோன் தாள் ஒட்டினார்கள். புண்ணின்மேல் விரித்தால் குழந்தையின் சொந்த உயிரணுக்கள் அந்தப் படலத்துக்குள் புகுந்து புதிய உள்தோலைப் பின்னுகின்றன. படலம் மெல்லக் கரைந்துவிடுகிறது. 1981-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இந்தச் செயற்கைத் தோலுக்கு 1996-இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. இன்டெக்ரா என்ற பெயரில் உலகெங்கும் பயன்படுகிறது.

இத்தனை நன்மையைச் சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் போனால் பேச்சு பாதியில் நின்றுவிடும். 1986-இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ சென்டினல் நாளேடும், 2007-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடும் ஷ்ரைனர்களின் பணப் போக்கை ஆராய்ந்து எழுதின. சர்க்கஸ் பார்க்க வரும் மக்கள் தாங்கள் கொடுக்கும் டிக்கெட் காசு குழந்தைகளுக்குப் போகிறது என்று நம்ப, அதில் பெரும்பகுதி கிளைகளின் சொந்தச் செலவுக்கே போனது என்பது அவை வைத்த குற்றச்சாட்டு. மருத்துவமனை நிதி தனி, கிளை நிதி தனி என்பது சங்கத்தின் பதில். சட்டப்படி அந்தப் பதில் சரியாக இருக்கலாம். ஆனால் சுவரொட்டியில் குழந்தையின் படத்தைப் போட்டு விற்ற டிக்கெட்டுக்கு, வாங்கியவர் மனதில் ஒரே ஒரு கணக்குதான் இருக்கும். மூஸ் சங்கத்தின் டேவிஸுக்கும் பணம் தலைவலி கொடுத்தது. சங்க நிதிக்காக நடத்திய லாட்டரி தொடர்பாக 1932-இல் அவர்மீது வழக்குப் பதிவானது, மறுவருடம் விடுதலையானார்.

கடுமையான சோதனை 2009-இல் வந்தது. பங்குச் சந்தை சரிவில் ஷ்ரைனர் மருத்துவமனைகளின் வைப்பு நிதி ஏறக்குறைய 800 கோடி டாலரிலிருந்து 500 கோடிக்கு இறங்கியது. முதன்முதலில் கட்டிய ஷ்ரீவ்போர்ட் உட்பட ஆறு மருத்துவமனைகளை மூடலாம் என்று நிர்வாகம் முன்மொழிந்தது. சான் அன்டோனியோவில் கூடிய உறுப்பினர்கள் அதை நிராகரித்தார்கள். அதற்கு விலையும் இருந்தது. யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்ற பழைய பெருமையை விட்டு, காப்பீடு வைத்திருப்பவர்களின் காப்பீட்டு நிறுவனங்களிடம் கட்டணம் பெறுவது என்று முடிவானது. கையில் காசில்லை என்பதற்காகக் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதி மட்டும் தொடர்ந்தது. பிற்பாடு சில மருத்துவமனைகள் புறநோயாளி மையங்களாகச் சுருங்கின. சங்கமும் சுருங்கியது, 1970களின் இறுதியில் உச்சத்தில் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. மருத்துவமனை நிலைத்தது, தொப்பிகள் குறைந்தன.

சகோதரத்துவம் என்று பேசும்போது வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவர் 1775-இலேயே தம் தோழர்களுடன் ஒரு பிரிட்டிஷ் ராணுவக் கிளையில் ஃப்ரீமேசன் ஆனார். அவர் பெயரில் வளர்ந்த கறுப்பின மேசன்கள் 1893-இல் சிகாகோவில் தங்களுக்கென ஒரு ஷ்ரைனர் சங்கமும் தொடங்கினார்கள். அதே தொப்பி, அதே சின்னங்கள். வெள்ளை ஷ்ரைனர்கள் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தார்கள். பெயரையும் சின்னத்தையும் கறுப்பினத்தவர் பயன்படுத்தத் தடை வேண்டும் என்று கேட்டார்கள், கீழ் நீதிமன்றங்களில் வென்றார்கள். 1929-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. ஆண்டுக்கணக்கில் தெரிந்தே பேசாமல் இருந்துவிட்டு இப்போது வந்து தடுக்க முடியாது என்றது. ஒரு கையால் ஏழைக் குழந்தைக்கு மருத்துவமனை கட்டிய அதே பத்தாண்டில் இன்னொரு கையால் இந்த வழக்கையும் நடத்தியிருக்கிறார்கள்.

வாசலில் நிறுத்தப்பட்ட அந்தச் சகோதரர்கள் குழந்தைகளுக்கு வேறு வழியில் உதவினார்கள். வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் பிரின்ஸ் ஹால் மேசன். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து அவர் தலைமையில் நடந்த வழக்குப் போராட்டத்துக்குப் பிரின்ஸ் ஹால் மேசன்கள் நிதி கொடுத்தார்கள். 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொதுப் பள்ளிகளில் குழந்தைகளை நிறத்தால் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. மருத்துவமனைக் கட்டிலைப் போலவே பள்ளிக்கூட பெஞ்சும் சந்தாப் பணத்தில் கிடைத்தது.

பெண்கள் நின்ற வாசல் இன்னும் பெரியது. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி, ஆண்களுக்கு மட்டுமான சங்கமாக எண்பது ஆண்டுகள் நடந்தது. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சிற்றூர்க் கிளை 1970களில் பெண்களைச் சேர்த்ததற்காக வெளியேற்றப்பட்டது. வழக்கு நடந்தது. 1987 மே மாதம் உச்ச நீதிமன்றம் பெண்களை விலக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குழந்தைகளின் நலத்துக்காக உலகம் சுற்றிய ஒரு சங்கம், தாய்மாரை உள்ளே விட நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே ரோட்டரிதான் மூன்றாவது கட்டத்தைத் தொடங்கி வைத்தது. உறுப்பினரின் பிள்ளை, வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையும் என்ற இரண்டையும் தாண்டி, உலகத்தில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் என்ற கணக்கு. 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் அறுபது லட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் ஐந்தாண்டுப் பணியை அது ஏற்றது. ஆஸ்திரேலியரான கிளெம் ரெனாஃப் சங்கத் தலைவராக இருந்தபோது போட்ட அடித்தளம் அது. 1985-இல் போலியோ பிளஸ் திட்டம் வந்தது. பன்னிரண்டு கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டு, 1988-க்குள் அதைப்போல் இரண்டு மடங்கு திரட்டினார்கள். அதே 1988-இல் உலக சுகாதார சபை போலியோவை ஒழிப்பதென முடிவு செய்தது. அன்று 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் அந்த நோயால் முடங்கினார்கள்.

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜான், ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்தால் கிருமி தங்க இடமில்லாமல் போகும் என்பதை 1980களில் வேலூரில் செய்து காட்டினார். உள்ளூர் ரோட்டரி சங்கத்தார் அவருக்குத் துணை நின்றார்கள். 1995 டிசம்பரில் அதே முறை நாடு முழுவதும் விரிந்தது. பேருந்து நிலையத்திலும் சத்துணவு மையத்திலும் சொட்டு மருந்துப் பெட்டியோடு செவிலியர் உட்கார்ந்ததும், குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்ததும் இங்கே இருக்கும் பலருக்கு நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் மருந்தைப் பற்றி வதந்தி பரவியபோது ரோட்டரி இஸ்லாமிய அறிஞர்களின் குழு ஒன்றை அமைத்து, பெற்றோரிடம் பேசவைத்தது. இந்தியாவின் கடைசி நோயாளிக்கு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் வாதம் கண்டது. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழ் நாட்டுக்குக் கிடைத்தது.

இலங்கையில் 1990களில் போருக்கு நடுவே இதே வேலை நடக்க வேண்டியிருந்தது. அங்கே ரோட்டரியின் போலியோ ஒழிப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் கே.ஆர். ரவீந்திரன். யுனிசெஃப் துணையோடு அரசிடமும் விடுதலைப் புலிகளிடமும் பேசி, மருந்து கொடுக்கும் நாட்களில் மட்டும் துப்பாக்கிகளை ஓய வைத்தார்கள். இரு தரப்பின் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கிடைத்தது. 2015-இல் ரவீந்திரன் உலக ரோட்டரியின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவர். போலியோ ஒழிப்புக்கு ரோட்டரி இதுவரை கொடுத்தது 200 கோடி டாலருக்கு மேல். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வேலை இன்னும் முடியவில்லை. நாற்பதாண்டுகளாகியும் அவர்கள் கைவிடவும் இல்லை.

இந்த மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். மூஸ், ஷ்ரைனர், ரோட்டரி ஆகிய எதிலும் உறுப்பினர்கள் மற்றவர்களைவிடக் கருணை மிக்கவர்கள் அல்லர். ஊர்வலம் போனார்கள், சீட்டாடினார்கள், பதவிக்குப் போட்டி போட்டார்கள், பிறருக்குக் கதவை அடைத்தார்கள். ஆனால் மாதக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும், சந்தா கட்டியே ஆக வேண்டும், சகோதரன் முன்னால் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற பழக்கம் அவர்களிடம் இருந்தது. கேளிக்கைதான் அவர்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தது. அந்தச் சேர்க்கையின்மேல் ஒருவர் தைரியமாகக் குழந்தையின் சுமையை ஏற்றி வைத்தார். குழந்தைக்கு வேண்டியிருந்தது அந்த நீண்ட காலம்தான்.

தமிழ்நாட்டில் ரோட்டரிக்கும் லயன்ஸ் சங்கத்துக்கும் கிளை இல்லாத ஊர் குறைவு. சாதிச் சங்கம், வணிகர் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், ரசிகர் மன்றம் என்று நமக்குச் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜூன் மாதம் பிறந்தால் நோட்டுப் புத்தகம் கொடுக்கும் விழா, மாலை, பொன்னாடை, நாளிதழில் படம். அதைக் குறை சொல்ல வேண்டாம். நோட்டு கிடைத்த குழந்தைக்கு அது உதவிதான். ஆனால் அந்தக் குழந்தை பத்தாம் வகுப்பை எட்டும்வரை அதே சங்கம் அதன் பெயரைக் கேட்டதுண்டா என்று பார்த்தால், பெரும்பாலும் பதில் இல்லை. ஆண்டுதோறும் தலைவர் மாறுகிறார், தலைவரோடு திட்டமும் மாறுகிறது.

எனவே இங்கே வந்திருக்கும் சங்கங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசுப் பள்ளியிலோ கேட்டு, பல ஆண்டு கவனம் தேவைப்படும் ஒரே ஒரு குழந்தைப் பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள்: வளைந்த பாதத்துக்கான காலணிப் பட்டையாகவும் இருக்கலாம், காது கேளாத குழந்தையின் கருவிக்கு பேட்டரியாகவும் இருக்கலாம். அடுத்து, அதற்கான தொகையை நன்கொடைப் பட்டியலில் சேர்க்காமல் உறுப்பினர் சந்தாவிலேயே சேர்த்து, புதிய தலைவர் நினைத்தாலும் நிறுத்த முடியாதபடி சங்க விதியில் எழுதுங்கள். கடைசியாக, அந்தப் பணத்தின் வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இந்த மூன்றையும் தீர்மானமாக வையுங்கள்.